ஒரு 'சும்மா' செய்த வேலை

அண்ணி வாயைத் திறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. பொடிசுக்கு அதுதான் கவலை.

பொடிசுக்குப் பத்து வயது. வகுப்பில் உயரமான பிள்ளைகளில் மூன்றாவது ஆள். ஆனாலும் பிறந்தபோது ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர் இன்னும் உதிரவில்லை.

அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகிறது. அண்ணி பேசுவது வேறு மொழி. அண்ணன் வீட்டில் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. அம்மா சொன்னதை அண்ணியிடம் சொல்வான், அண்ணி சொன்னதை அம்மாவிடம் சொல்வான். அவனுக்கு உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துகிற வேலை. போன செவ்வாய்க்கிழமை, வேறு ஊரில் மூன்று வார வேலை என்று கிளம்பிப் போய்விட்டான்.

போகும்முன் அம்மாவின் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொடுத்தான்.

"இது செயற்கை நுண்ணறிவும்மா. நீ தமிழ்ல பேசு, அது அவ பாஷையில சொல்லும். அவ பேசினா தமிழ்ல சொல்லும். புதுசா பாஷை கத்துக்கணும்னாலும் சொல்லிக்கொடுக்கும். நான் வீட்டுல இருக்கிற மாதிரியே நெனச்சுக்கோ."

"உன்ன மாதிரி ரெண்டு தட்டு சோறு கேக்காதுல்ல?" என்றாள் அம்மா.

இரண்டு நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வியாழக்கிழமையிலிருந்து அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

"நம்ம மூஞ்சியே பிடிக்கல போல அவளுக்கு," என்றாள் அம்மா. குரல் கம்மியிருந்தது.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். எதையும் பேருந்தை வைத்துத்தான் யோசிப்பார். "புது ரூட்ல விட்டா எனக்கே நாலு நாள் திண்டாட்டமாத்தான் இருக்கும். பழகிடும், விடு."

"அது பஸ்ஸு. இது பொண்ணு," என்றாள் அம்மா.

பொடிசு இதற்கு முன்பே ஒரு காரியத்தைத் தொடங்கியிருந்தாள். போனை நடுவில் வைத்துப் பேசினால் அண்ணி போனைத்தான் பார்க்கிறாள், நம்மைப் பார்ப்பதில்லை. இதை அவள் முதல் நாளே கவனித்துவிட்டாள். அதனால் அண்ணியின் மொழியைத் தானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, பள்ளிவிட்டு வந்ததும் தினமும் ஒரு மணிநேரம் செயலியோடு உட்கார்ந்தாள்.

அது லேசான மொழி இல்லை. 'தண்ணீர்' என்று சொல்ல மூக்கால் இழுக்க வேண்டும். 'சாப்பாடு' என்று சொல்லத் தொண்டையைச் செரும வேண்டும். அவள் பயிற்சி செய்வதைக் கேட்டு அப்பா இருமல் மருந்தோடு வந்து நின்றார்.

செயலிக்குக் கோபமே வராது. "நல்ல முயற்சி. மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள்" என்று இருபத்தோராவது தடவையும் அதே மரியாதையோடு சொல்லும். கணக்கு டீச்சர் இரண்டாவது தடவையே ஸ்கேலைத் தேடுவார்.

திங்கட்கிழமை மாலை பொடிசு அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பொடிசு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உங்களுக்குப் பசிக்குதா?" என்று அண்ணியின் மொழியில் கேட்டாள்.

அண்ணியின் கண்கள் விரிந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்து அறையில் அம்மாவின் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணி அந்தச் சுவரைக் காட்டினாள். பிறகு உதட்டில் விரலை வைத்து, மெதுவாக ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். அவ்வளவுதான். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொடிசு வெளியே ஓடி வந்தாள். அந்தச் சொல் மறப்பதற்குள் உள்ளங்கையில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். போனை எடுத்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை செயலிக்குப் புரிந்தது.

"இதன் பொருள்: பேசக் கூடாது."

பேசக் கூடாதா? யார் சொன்னது? அம்மா இருக்கும் பக்கம் ஏன் கையைக் காட்டினாள்?

செயலியில் பழைய பேச்சுகள் எல்லாம் வரிசையாகப் பதிவாகியிருந்தன. பொடிசு விரலால் தள்ளித் தள்ளி வியாழக்கிழமைக்குப் போனாள். அன்று அம்மா பேசிய கடைசி வரி இருந்தது.

'உனக்கு எதுக்கும்மா கஷ்டம்? நீ சும்மா இருந்தா போதும்.'

பொடிசுக்கு நினைவு வந்தது. அம்மா பள்ளிச் சீருடை தைத்துக் குவித்திருந்தாள். அண்ணி ஒரு சட்டையை எடுத்து மடியில் வைத்து, தானாகவே பொத்தான் தைக்க ஆரம்பித்தாள். புதுப்பெண் வேலை செய்ய வேண்டாமே என்று அம்மா சிரித்துக்கொண்டே சட்டையை வாங்கி வைத்தாள். அப்போது சொன்னதுதான் இது.

அதற்குக் கீழே அண்ணியின் மொழியில் செயலி சொன்னது இருந்தது. "இதைத் திரும்பத் தமிழ்ல சொல்லு," என்றாள் பொடிசு.

செயலி சொன்னது: "நீ ஏன் தொல்லை கொடுக்கிறாய்? நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்."

பொடிசு போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"அம்மா அப்படிச் சொல்லவே இல்ல. சும்மா இருன்னா, வேலை செய்யாம நிம்மதியா இருன்னு அர்த்தம்."

"மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி. 'சும்மா இரு' என்பதற்கு 'பேசாதே' என்றும் பொருள் உண்டு. நான் தவறான பொருளை எடுத்துக்கொண்டு, முந்தைய வரியையும் அதற்கேற்ப மாற்றிவிட்டேன்."

"எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகுது? நாலு நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கிறது அண்ணி," என்றாள் பொடிசு.

சரியான மொழிபெயர்ப்பைச் செயலியே உரக்கப் படித்துவிடும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் போன தடவை மனசைப் புண்படுத்தியதும் இதே குரல்தான். இதை எப்படி அண்ணி நம்புவாள்?

"மூணு வரி சொல்லிக்கொடு. நானே போய்ச் சொல்றேன்," என்றாள் பொடிசு.

முக்கால் மணிநேரம் அலமாரிக் கதவைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பிறகு அண்ணியின் எதிரில் போய் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள். அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. போன் தப்பாகச் சொல்லிவிட்டது. அம்மா உங்களை ஓய்வாக இருக்கச் சொன்னார்கள்.

முதல் இரண்டு வரிக்கும் அண்ணியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. மூன்றாவது வரியைக் கேட்டதும் அவள் புருவத்தைச் சுருக்கினாள். பொடிசு மறுபடி சொன்னாள். அண்ணியின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று பொடிசு பயந்துபோனாள்.

அண்ணி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வரைந்து காட்டினாள். அகலமான அலகு, குண்டு உடம்பு, குட்டை வால். வாத்து.

அந்த மொழியில் 'ஓய்வு' என்பதற்கான சொல்லை ஓர் இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டாள் பொடிசு. அம்மா அண்ணியை வாத்தாக இருக்கச் சொன்னதாக ஆகிவிட்டது.

"வாத்து இல்ல, வாத்து இல்ல," என்று பொடிசு தலையாட்டினாள். தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக் காட்டினாள். எழுந்து அண்ணியின் கையிலிருந்த பென்சிலை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள், அன்று அம்மா சட்டையை வாங்கி வைத்த மாதிரியே. அண்ணி அதைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது. புரிந்துவிட்டது அவளுக்கு.

அவள் கடகடவென்று ஏதோ பேசினாள். நான்கு நாள் பேச்சு மொத்தமும் சேர்ந்து வந்தது. பொடிசுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. அவள் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, நடந்ததை எல்லாம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வாடியது.

"நானாடா உன்ன வாயை மூடச் சொன்னேன்? வீட்டுல ஒரு பேச்சுக்குரல் கேக்காதான்னு நான் ஏங்கிட்டுல்ல இருந்தேன்," என்று அண்ணியின் கன்னத்தை வருடினாள்.

போன் மேசை மேலேயே கிடந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அம்மா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். ஒரு சட்டையையும் ஊசி நூலையும் அண்ணியின் மடியில் வைத்தாள். அண்ணி பொத்தானைப் பிடித்துக்கொண்டு அதற்குத் தன் மொழியில் பெயர் சொன்னாள். அம்மா திருப்பிச் சொன்னாள். தப்பாகத்தான் சொன்னாள். அண்ணி திருத்தினாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பொடிசு செயலியிடம் புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டு வருவாள். அண்ணி கேட்டுவிட்டு, "புத்தகத்துல மட்டும்தான் இப்படிப் பேசுவாங்க" என்பது போல் மூக்கைச் சுளிப்பாள், வீட்டில் பேசுகிற சொல்லைச் சொல்லித் தருவாள். பதிலுக்குப் பொடிசு தமிழ் சொல்லிக்கொடுத்தாள். முதல் பாடமே 'சும்மா'தான். சும்மா வந்தேன், சும்மா கொடுத்தாங்க, சும்மா சொன்னேன், சும்மா இரு.

"இந்த ஒண்ணு தெரிஞ்சா பாதித் தமிழ் தெரிஞ்ச மாதிரி," என்றார் அப்பா.

மூன்று வார வேலை முடிந்து ஒரு மத்தியானம் அண்ணன் பையோடு வந்து வாசலில் நின்றான். உள்ளே அம்மா, அண்ணி, பொடிசு மூன்று பேரும் சட்டைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பாதித் தமிழ், பாதி அண்ணியின் மொழி, மீதிக்குக் கை ஜாடை.

அம்மா, "அந்த வெள்ளை நூலை இப்படித் தள்ளும்மா," என்றாள்.

அண்ணன் அவசரமாக அண்ணியின் பக்கம் திரும்பி, அவள் மொழியில், "அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் வெள்ளை நூல் அம்மாவின் கைக்குப் போய்விட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி, தமிழில்.

அண்ணன் பையைக் கீழே வைத்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"அப்போ இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

அம்மா தலை நிமிராமல், "இன்னும் முப்பத்தாறு சட்டை இருக்கு. கை கழுவிட்டு வந்து உட்காரு," என்றாள்.

பொடிசு சிரித்துக்கொண்டே அவனுக்கும் ஓர் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.