எந்த ஏங்க?

கல்பாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி லோகநாயகி அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. மே மாத வெயிலில் செங்கல்பட்டே வெந்துகொண்டிருந்தது. தலைக்காய வார்டு மட்டும் கிணற்றடி போலக் குளிர்ந்து கிடந்தது. டெட்டால் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனையும் இருந்தது. உப்பு வாசனை.

வார்டில் இரண்டே கட்டில்கள். ஒன்றில் அவள் கணவன் சம்பத். ஸ்கூட்டரில் திருக்கழுக்குன்றம் வழியாக வரும்போது குறுக்கே ஓடிய ஆட்டுக்காகப் பிரேக் பிடித்தவன், மைல் கல்லில் தலை மோதி விழுந்தான். நான்கு நாளாகக் கண் திறக்கவில்லை.

சாராள் சிஸ்டர் அவன் கட்டை விரல் நகத்தில் பேனாவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். "சம்பத்து. யப்பா சம்பத்து. கண்ணத் தொற."

விரல் லேசாக இழுத்துக்கொண்டது. கண் திறக்கவில்லை. சிஸ்டர் சார்ட்டில் நினைவுக்கான மார்க்கை எழுதினாள்.

"எவ்ளோ சிஸ்டர்?"

"ஆறு. நல்லா இருக்கிறவங்களுக்குப் பதினஞ்சு. கொறஞ்சது மூணு. அதுக்குக் கீழ மார்க்கே கெடையாதும்மா, செத்தவனுக்கும் மூணுதான்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபாலகிருஷ்ணன் வந்தார். அவசரப்படாமல் பேசுகிற மனிதர்.

"கோமாங்கிறது தூக்கம் இல்லம்மா. தூங்கறவங்களை உலுக்கினா எழுந்துடுவாங்க. மூளைக்குள்ள நம்மை விழிப்பா வெச்சிருக்கிற இடம்னு ஒண்ணு இருக்கு. அதுல அடிபட்டாலும் சரி, மூளை மொத்தமும் ஓய்ஞ்சாலும் சரி, இப்படி ஆயிடும். உங்க வீட்டுக்காரருக்கு அடி, உள்ள வீக்கம். அதோ, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவருக்குத் தலைல கீறல்கூட இல்லை. தண்ணிக்குள்ள மூச்சு நின்னு, மூளைக்குப் பிராணவாயு போகலை. சர்க்கரை ஒரேயடியா இறங்கினாலும், ரத்தக்குழாய் வெடிச்சாலும், விஷம் ஏறினாலும் இதேதான். வழி வேற வேற. வந்து சேர்ற இடம் ஒண்ணு."

"அப்போ ரெண்டு பேரும் ஒரே இடத்துலயா இருக்காங்க?"

டாக்டர் சிரித்தார். "ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பக்கத்துல உக்காந்து பேசுங்க. காது சில பேருக்குக் கேக்கும்."

பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பெயர் இல்லை. மாமல்லபுரத்தில் மீனவர்கள் அலையிலிருந்து இழுத்துப் போட்ட ஆள். பையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. சாராள் சிஸ்டர் அவனைக் 'கடலு' என்றுதான் கூப்பிட்டாள். அவன் மார்க் மூன்று.

"கூப்டும்மா. பேரச் சொல்லிக் கூப்டு," என்றாள் சிஸ்டர்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்தப் பெயரை லோகநாயகி உச்சரித்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அம்மா வீட்டுப் பாடம். பி.காம். படித்தும் அந்த ஒன்று மட்டும் அவளை விடவில்லை. ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவாள். இன்றைக்கா சொல்வது?

குனிந்து அவன் காதருகே சொன்னாள். "ஏங்க."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "ஏங்கன்னா எந்த ஏங்கம்மா? இங்க ரெண்டு ஆம்பளைங்க கீறாங்க."

லோகநாயகிக்கும் சிரிப்பு வந்தது. நான்கு நாளில் முதல் சிரிப்பு.

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டு முதல் ஒன்று வரை அவள் பேசினாள். "ஏங்க, எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம். குவார்ட்டர்ஸ்ல மாடி வீடு, நீலக் கதவு. படில பாத்து வாங்க, நாலாவது படி உடைஞ்சிருக்கு. நம்ம பொண்ணு ஹரிப்ரியா ரெண்டாவது பாஸ் பண்ணிட்டா. உங்களுக்கு வத்தக்குழம்புன்னா உயிரு. ஏங்க, கேக்குதா?"

நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னாள். வழி தவறிய ஒருவனுக்கு அடையாளம் சொல்வதுபோல் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

எட்டாம் நாள், பேச்சின் நடுவே ஏதோ உறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

கூரையைப் பார்த்துக் கிடந்த கடலின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

"சிஸ்டர், இவரை நீங்க திருப்பிப் போட்டீங்களா?"

"இல்லியே. இப்பதான வரேன்."

உப்பு வாசனை அவள் மூக்கருகே வந்து நின்றது.

மறுநாள் நண்பகல் சம்பத் கண் திறந்தான். அவளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போலாம்," என்றான். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்துக் கட்டிலை யாரும் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். படியேறும்போது நாலாவது படியருகே நின்று, அதை ஜாக்கிரதையாகத் தாண்டிக் கால் வைத்தான். ஐந்தாவது படியில் தடுக்கி விழப்போனான்.

உடைந்திருந்தது ஐந்தாவது படி. அவள்தான் ஆஸ்பத்திரியில் தப்பாகச் சொல்லியிருந்தாள்.

அவன் ஆறு வருடம் ஏறி இறங்கிய படி அது.

டாக்டரிடம் கேட்டாள். "ஞாபகம் துண்டு துண்டாத்தான் வரும். குணம்கூட மாறலாம். பொறுமையா இருங்க," என்றார். இருந்தாள். வத்தக்குழம்பை அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், ஆனால் விழுங்கும் ஒவ்வொரு முறையும் முகம் கோணியது. காலையில் அவன் தலையணை நனைந்திருந்தது. பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது.

"அம்மா, அப்பா நல்லவராத்தான் இருக்கார்," என்றாள் ஹரிப்ரியா ஒரு நாள், சடை பின்னும்போது. "ஆனா நான் எங்க போனாலும் பாத்துக்கிட்டே இருக்கார்."

அன்று பிற்பகல் அவன் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தான். வெளியே சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். மணமான நாளிலிருந்து வாய்க்கு வாய் 'லோகா' என்றவன், வந்ததிலிருந்து 'இந்தா' என்றுதான் கூப்பிடுகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

விளையாட்டாகக் கேட்பதுபோல் கேட்டாள். "ஏங்க, என் பேர் என்ன சொல்லுங்க பாப்போம்."

அவன் திரும்பினான். முகத்தில் கோபமில்லை, குழப்பமும் இல்லை. அவளுக்கு நன்றிக்கடன் பட்டவனைப்போல் புன்னகைத்தான்.

"அத மட்டும் நீ சொல்லவேயில்லியே."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

இரவெல்லாம் பாத்திரம் கழுவினாள், கழுவியதையே கழுவினாள். காலையில் ஹரிப்ரியாவைக் கீழ்வீட்டுச் சாரதாம்பாள் மாமியிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிச் செங்கல்பட்டு பஸ் ஏறினாள்.

கடல் அதே கட்டிலில் கிடந்தான். இளைத்திருந்தான். சாராள் சிஸ்டர் அவன் கன்னத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. வூட்டுக்காரரு சொகமா? இவனுக்கு இன்னான்னே தெரியல. நீங்க போன அன்னியிலேர்ந்து கண்ணுல தண்ணி வழிஞ்சிகினே கீது. டெய்லி பன்னெண்டு மணி ஆச்சுன்னா போதும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது.

லோகநாயகி அருகே போனாள். முன்பின் அறியாத முகம். கறுத்த, அகன்ற, தாடி முளைத்த முகம். இவன் யாரோ ஒருவனாகவே இருந்துவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பாதி கெஞ்சியது. ஆயுசு குறையுமோ என்று மறுபாதி நடுங்கியது.

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"சம்பத்."

ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டுச் சுற்றியது.

"சம்பத். நான்தான். சம்பத்."

நகத்தை யாரும் அழுத்தவில்லை. ஆனாலும் விரல்கள் அசைந்தன. போர்வைமேல் ஊர்ந்து வந்து அவள் புடவைத் தலைப்பைப் பற்றின.

இமைகள் பிரிந்தன.

சாராள் சிஸ்டரின் கையிலிருந்து பஞ்சு விழுந்தது. "கர்த்தாவே," என்றாள், மூச்சுக்குள்ளேயே.

அந்த அந்நிய முகத்தில் வெடித்த உதடுகள் இரண்டு முறை முயன்றன. மூன்றாம் முறை சத்தம் வந்தது. குரல் யாருடையதோ. அதில் இருந்த பதற்றம் மட்டும் அவள் ஒன்பது வருடமாக அறிந்தது.

"லோகா."

"சொல்லுங்க. இங்கதான் இருக்கேன்."

அவன் கண்கள் அவளைத் தாண்டிக் கதவைப் பார்த்தன, அவளோடு வந்திருக்க வேண்டிய யாரையோ தேடுவதுபோல். பிறகு அவளிடம் திரும்பின.

"பாப்பா யார்கிட்ட இருக்கா?"

"கீழ்வீட்டு மாமிகிட்டதான்…" என்று அவள் தொடங்கியபோது வார்டு வாசலில் ஆயா வந்து நின்றாள்.

"யாரும்மா லோகநாயகி? கல்பாக்கத்துலேர்ந்து போனு. சாரதாம்பாளாம். ஒன் வூட்டுக்காரரு வந்து கொயந்தைய வாங்கினு பூட்டாராம். கடல காட்டப் போறேன்னாராம். சொல்லிடச் சொன்னாங்க."