மைனஸ் தொண்ணூற்றாறு

காலை ஏழு மணி. சலவை ஆலையின் கொதிகலன் அறையில் ஆபரேட்டர் செத்துக் கிடந்தார். நீராவிக் குழாய் வெடித்திருந்தது. பாதி மூடிய கேஸ் வால்வை அவர் கை பிடித்தபடியே இருந்தது. வெடிப்போடு நின்றுபோன சுவர்த் திரை மைனஸ் தொண்ணூற்றாறு டிகிரி என்றது.

"வெடிச்சதுல மெஷின் உளறுது மேடம்," என்றார் மேனேஜர், விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரிடம். "ஆளு கண்ணசந்துட்டான். அலாரம் அடிச்சும் எழுந்திருக்கலை."

செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறான்? அந்தப் பேச்சு சடலத்துக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்தது. "அப்படி என்னங்க தூக்கம்? பிள்ளைங்களை நினைச்சீங்களா?" என்று மனைவி சடலத்தைப் பார்த்தே திட்டி அழுதாள்.

ஆலையில் இஸ்திரி போடுகிற அம்மாளை இன்ஸ்பெக்டர் விசாரித்தார்.

"அலாரம் அடிச்சுதா?"

"இல்லைங்க. அடுப்பு மட்டும் கன்னாபின்னான்னு எரிஞ்சுது."

"வழக்கமா எத்தனை டிகிரி?"

"நூத்திப்பத்து. வேலை சீக்கிரம் முடியணும்னு மேனேஜர் அன்னைக்குத்தான் நூத்தி இருபத்தஞ்சு ஆக்கினாரு."

மூன்றாம் நாள் மேனேஜரையும், செத்தவரின் மனைவியையும் தம்பியையும் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு உட்கார வைத்தார். கொதிகலனுக்குப் புரோகிராம் எழுதியவன் அந்தத் தம்பிதான்.

"மெஷின் உளறலை. சூட்டை எழுதி வைக்க இந்தப் புரோகிராம்ல ஒதுக்கின இடம் ரொம்பச் சின்னது. நூத்தி இருபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும். ஒண்ணு கூடினா மைனஸ் நூத்தி இருபத்தெட்டுக்குத் தாவிடும். நூத்தி இருபத்தஞ்சுல அடுப்பு அணைஞ்சாலும் சூடு ரெண்டு மூணு டிகிரி கூடும், அன்னைக்குத் தாண்டிடுச்சு. 'ஐயோ, குளிருது'ன்னு மெஷின் இன்னும் எரிச்சுது. நிஜச் சூடு நூத்தி அறுபதுக்குப் போனப்போ திரையில மைனஸ் தொண்ணூத்தாறு. அலாரம் நூத்தி முப்பதுல அடிக்கணும். அந்த எண்ணே அங்க வராதே, எப்படி அடிக்கும்?"

தம்பி பக்கம் திரும்பினார்.

"பெரிய இடம் ஒதுக்கியிருக்கலாம். இல்லை, கொள்ளாத எண் வந்தா அடுப்பை அணைன்னு எழுதியிருக்கலாம். அந்த அலாரம் வரியை எழுதினப்பவே, 'இந்த நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது'ன்னு கம்ப்யூட்டரே எச்சரிச்சிருக்கு. எச்சரிக்கையே வராம நிறுத்தி வச்சது யாரு?"

"நான்தான்," என்றான். "அவசரம். நூத்திப்பத்துக்கு மேல போகாதுன்னு நினைச்சேன்."

"அப்போ அவர் தூங்கலையா?" என்றாள் மனைவி.

"இல்லைம்மா. அடுப்பை அணைக்கத்தான் ஓடியிருக்கார். தூங்கறவர் கை வால்வுக்கு எப்படிப் போகும்?"

அவள் வெகுநேரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள்.

"திரையைப் பார்த்ததுமே உனக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா?"

அவன் தலையாட்டினான்.

"நான் அவரைத் திட்டினப்போ நீ என் பக்கத்துலதானே தம்பி உட்கார்ந்திருந்தே?"