சுண்ணாம்புச் சுவரில் ஒரு கை

"டீச்சர், என் பேர வெட்டிட்டாங்க."

முத்துமீனா அழவில்லை. ஆய்வக வாசலில் நின்று அதை மட்டும் சொன்னாள். நாளை திருப்பரங்குன்றத்தில் அறிவியல் போட்டி. வேதிவினைகளைச் செய்து காட்டி விளக்க அவள்தான் போவதாக இருந்தது. இப்போது சூரியபிரகாஷ் போகிறான்.

அவள் அடுக்கி வைத்திருந்த சோதனைக்குழாய்கள் சன்னலுக்கடியில் நொறுங்கிக் கிடந்தன. சன்னலை ஒட்டி, நேற்று மதியம் சுண்ணாம்பு அடித்த சுவரில் சிவப்பாக ஒரு கைத்தடம். அவள் பையில், சார்ட்டுக்கு வாங்கிய சிவப்பு பெயின்ட். போட்டிக்குப் பயந்து அவளே உடைத்துவிட்டாள் என்று தலைமையாசிரியர் ராஜபாண்டி முடிவுகட்டிவிட்டார்.

"டீச்சர், எல்லாரு கையையும் அதுமேல வச்சு அளந்துருவமா?" என்றார் அழகுபாண்டி. ஆய்வக உதவியாளர். பிளஸ் டூ வேதியியலில் இரண்டு முறை தோற்றவர். ஆர்வத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

"மொதல்ல மோந்து பாருங்கண்ணே," என்றார் ரோகிணி டீச்சர்.

அழகுபாண்டி மூக்கைச் சுவரில் ஒட்டினார். "பெயின்ட் வாடையே இல்லயே!"

தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். மேசையில் கோயில் மரியாதையாக வந்த எலுமிச்சம்பழம். சூரியபிரகாஷ் பொங்கல் தூக்கோடு நின்றான். அவன் அப்பாதான் இப்போது நடக்கும் ஊர்த் திருவிழாவின் கமிட்டித் தலைவர். அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கயிறு; அதில் ஓரிடம் சிவந்திருந்தது.

"காப்ப எப்பக் கழட்டுவ?" என்றார் ரோகிணி.

"திருவிழா முடியுறவரைக்கும் கழட்டக் கூடாது டீச்சர். தெனம் சாயங்காலம் எங்களுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க."

"அதென்ன செவப்பு?"

"பேனா மை டீச்சர்."

"மீனா, ஒனக்குக் காப்பு இல்லயா?"

"எங்க தெருவுக்குக் கட்ட மாட்டாங்க டீச்சர்."

ரோகிணி எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"கோயில் பழம் டீச்சர்!" என்று கத்திக்கொண்டே ராஜபாண்டி ஆய்வகம் வரை வந்தார். பையனும் பின்னால் வந்தான். ரோகிணி பழத்தை அறுத்து முத்துமீனாவிடம் நீட்டினார்.

"நடுவர்கிட்டச் சொல்ற மாதிரி சொல்லு."

முத்துமீனா கைத்தடத்தின் மேல் பிழிந்தாள். சாறு வழிந்த இடமெல்லாம் சிவப்பு மஞ்சளானது.

"மஞ்சளாயிருச்சு!" என்றார் அழகுபாண்டி.

"அது பாதி மார்க்குதாண்ணே. ஏன் ஆச்சுன்னு சொல்லணும்," என்றார் ரோகிணி.

"பெயின்ட்டுன்னா மாறாது," என்றாள் முத்துமீனா. "இது மஞ்சள். சுண்ணாம்பு காரம், அது பட்டா மஞ்சள் செவக்கும். நம்ம ஆலாத்தி கரைக்கிறதும் இதேதான். பழச்சாறு அமிலம். காரத்த முறிச்சுருச்சு, பழைய நெறம் வந்துருச்சு. நேத்துச் சாயங்காலம், சுவரு காயுமுன்ன, மஞ்சத்தண்ணில நனஞ்ச கை ஒண்ணு இங்க ஊனிருக்கு. அந்தத் தண்ணி எங்க தெருப்பக்கமே வராது."

அவள் சூரியபிரகாஷிடம் திரும்பினாள். "காப்ப நீட்டு. மையின்னா மாறாதுல்ல?"

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அழகுபாண்டி பிடித்து முன்னால் இழுத்தார். ஒரு சொட்டு. கயிறு முழுக்க ஒரே மஞ்சள்.

"நானும்தான் படிச்சேன்," என்றான் அவன், தரையைப் பார்த்து. "என்னையச் சேக்கல."

ராஜபாண்டி கனைத்தார். "சின்னப் பய, தெரியாமச் செஞ்சுட்டான். மன்னிப்புக் கேக்கச் சொல்றேன். யாரு போறதுங்கிறத அப்பறம் பேசிக்கிருவோம்."

"அப்பறம் இல்ல சார்," என்றாள் முத்துமீனா. "வெட்டுன பேனாவாலயே இப்ப எழுதுங்க."

ராஜபாண்டி ஆய்வக மேசையெல்லாம் பேனாவைத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவள் அதைக் காட்டினாள்.