கோபுரத்துக்கு ஒரு குடம் மஞ்சள் நீர்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை, கரட்டூரின் பாசிக்கோபுரம் பச்சை போய்ப் பழுப்பாக நின்றது. ஊர்ச் சாக்கடை முழுவதையும் தின்று குடிநீராக்கித் தரும் கோபுரம் அது. ஆறு செத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கோபுரம் இல்லையென்றால் கரட்டூருக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

அந்தப் பாசியை உருவாக்கியவள் நிறைமதி. பாசி வளரும் ஒளிக்குழாயிலிருந்து கசிந்த நீரைக் கையில் ஏந்தி முகர்ந்தாள். அழுகல் நெடிக்கு அடியில் கல்யாண வீட்டு வாசம் ஒன்று இருந்தது. மஞ்சள்.

உடனே புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம். சோறு போடும் எதையும் பூசைக்குக் கழுவிப் பொட்டு வைக்கிற ஊர் இது. தறிக்கு வைக்கிறவர்கள் தண்ணீர் தரும் பாசியை விடுவார்களா? கோபுரம் வந்தபின் முதல் பூசை வேறு. வீட்டுக்கு வீடு ஒரு குடம் மஞ்சள் நீர் கரைத்து, கும்பிட்டு, கழிவுக்குழாயில் ஊற்றியிருந்தார்கள். ஊற்றலாமா என்று முன்கூட்டியே கேட்கவும் செய்தார்கள், பாவம். தாராளமாக ஊற்றுங்கள் என்றவள் அவள்தான். தன் மேசைமேல் இருந்த பாசிக் குடுவையில் ஒரு சிட்டிகை மஞ்சள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

குடுவைக்கு ஜன்னல் வெளிச்சம் போதும். கோபுரத்தில் அப்படியில்லை, ஒரு பாசியின் நிழல் இன்னொன்றைக் கொல்லாமல் இருக்க, மெல்லிய குழாய்களில் கண்ணைப் பறிக்கும் விளக்குகள். அப்படிப்பட்ட கடும் வெளிச்சம் பட்டால் மஞ்சளே நஞ்சைக் கக்கும். சிட்டிகையில் தெரியாதது ஊரே சேர்ந்து ஊற்றியபோது தெரிந்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. கோபுரத்துக்கு விதைப்பாசி கொடுத்த சோதனைத் தொட்டி நெசவாளர் தெருவில் தனியாக, திறந்த வெயிலில், இன்னும் பச்சையாக இருந்தது. அதிலிருந்து சில வாரங்களில் கோபுரத்தை நிரப்பிவிடலாம். ஊரின் தண்ணீர்ச் சேமிப்பு அதுவரை தாங்கும். குடுவையிலிருந்து தொடங்கினால் வருடக்கணக்கில் ஆகும்.

ஊர் ஒலிபெருக்கியில் அவளே பேசினாள். கோபுரம் நோயில் விழுந்துவிட்டது, விதைத்தொட்டி உயிரோடு இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

மத்தியானம் விதை எடுக்கப் போனபோது நெசவாளர் தெருவே தொட்டியைச் சுற்றி நின்றது. எல்லார் இடுப்பிலும் வெறுங்குடம். தறிக்காரி சாமியாத்தாள் ஈரக் கையோடு முன்னே வந்தாள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"கோபுரத்துக்கு ஊட்டுக்கொரு கொடம் ஊத்துனமுங்க, அது பத்தலையாட்ட இருக்குது. அதான் இதுக்கு ஆளுக்கு ரெண்டு கொடம் ஊத்தீட்டமுங்க."

நிறைமதி தொட்டியை எட்டிப் பார்த்தாள். உச்சி வெயிலில் அது மஞ்சளாக மின்னியது. விளிம்பில் பாசி அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"இனிப் பொழச்சுக்குமுங்களா?" என்று சாமியாத்தாள் கேட்டாள்.

அத்தனை முகங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பொழச்சுக்கும்" என்றாள்.

அவர்கள் அவளையும் சேர்த்துக் கும்பிட்டார்கள். அவள் மேசைமேல் குடுவை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. ஒருத்திக்குக் குடிநீர் தர அது போதும்.