ஓரடி வெளிச்சம்

பாபநாசத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செம்மொழியின் கண்ணில் முதலில் பட்டது தம்பியின் கடைதான். பகலவன் எலக்ட்ரிகல்ஸ். சரவிளக்கும் கலர் விளக்குமாகப் பட்டப்பகலிலேயே கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் விற்கிற இந்தப் பெரிய மனிதன்தான் பெற்ற தகப்பனை இருட்டில் போட்டு வைத்திருக்கிறான். அப்பா மறுபடியும் விழுந்துவிட்டார் என்று அவளுக்குப் போன் செய்ததுகூட இவன் இல்லை, பக்கத்து வீட்டு கோவிந்தராசு. இவன் பொண்டாட்டி குத்தாலத்துக்குப் பிறந்தவீடு போய் மாசக்கணக்காகிறது. அவளைக் குறை சொல்ல செம்மொழிக்கு மனசு வரவில்லை.

ஐப்பசி மாதம். வீட்டைச் சுற்றிச் சம்பாப் பயிர் நின்றது, அதோடு பச்சைப்பூச்சியும். பொழுது சாய்ந்த பிறகு எங்கே ஒரு விளக்கு எரிந்தாலும் கொள்ளை கொள்ளையாக வந்து விழும், சோற்றில் விழும், காதில் நுழையும். அதனால் இந்த மாதத்தில் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுவது ஊர் வழக்கம். அது மற்றவர்களுக்குச் சரி. அப்பா மருதையனுக்குப் பார்க்கின்சன். இருட்டில் அவர் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் முன்னே சாயும், அப்படியே விழுவார்.

கட்டிலிலிருந்து கழிவறை வரை தரையோரமாக மங்கலான மஞ்சள் விளக்கு ராத்திரி முழுக்க எரியவேண்டும் என்று தஞ்சாவூர் டாக்டர் தம்பி பகலவனிடம்தான் சொன்னார். இந்தத் துரை என்ன செய்தான்? அப்பா அறைச் சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட்டை மாட்டினான். அதன் சுவிட்சைக் கூடத்தில் தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டான்.

அம்மா அம்சம் இருந்தவரை இந்த விளக்கெல்லாம் தேவைப்படவில்லை. டார்ச்சைத் தாழ்த்தி அடித்தபடி முன்னே நடப்பாள். அப்பாவின் காலுக்கு ஓரடி முன்னால் வட்டமாக வெளிச்சம் விழும். "இதுல வைங்க" என்பாள். அவர் வைப்பார். அடுத்த வட்டம், அடுத்த கால். பங்குனியில் அவள் செத்துப்போனாள். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற மனுஷர், புதைக்கும்போது அந்த டார்ச்சையும் கூடவே வைக்கச் சொன்னார். எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் செம்மொழி அப்பா அறையில் தரையோரமாக ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பைச் சொருகினாள். கடையைப் பூட்டிவிட்டு வந்த தம்பி அதைப் பார்த்ததும் மூஞ்சியைச் சுளித்தான்.

"ஒரு கிழவனுக்காக வீடு பூரா பூச்சி மேயணுமாக்கா? தடவிக்கிட்டுப் போகட்டும்."

இவனிடம் பேசினால் தன் வாய்தான் நாறும் என்று அவள் அப்பா அறையிலேயே பாயை விரித்துப் படுத்தாள்.

விழிப்பு வந்தபோது ஒரே இருட்டு. பல்பைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தான். பூச்சி நசுங்கிய பச்சை நாற்றம் அறையெங்கும் அடித்தது. அப்பாவின் கட்டில் கிரீச்சென்றது.

விழப்போகிறார் என்று பதறி எழுந்தாள்.

அவர் விழவில்லை. வழக்கமாகத் தரையைத் தேய்க்கும் கால், எடுத்து எடுத்து வைத்தது.

தரையில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. அதில் அப்பாவின் பாதம். ஓரடி தள்ளி இன்னொரு வட்டம்.

வெளிச்சத்தைப் பிடித்திருக்க ஆள் இல்லை.

"மெதுவா போ அம்சம்," என்றார் அப்பா.

அவர் போய்விட்டுத் திரும்பி வந்து படுக்கும்வரை செம்மொழி அசையவில்லை.

விடிந்ததும் பார்த்தாள். கட்டிலிலிருந்து கழிவறை வரை ஓரடிக்கு ஒன்றாகச் செத்த பச்சைப்பூச்சி வட்டம் வட்டமாகக் குவிந்து கிடந்தது. பகலவன் வந்து பார்த்துவிட்டு இளித்தான். அக்கா செல்போன் லைட்டை அடித்து விளையாடியிருக்கிறாள் என்றான். துடைப்பத்தை எடுத்து அவனே கூட்டித் தள்ளினான். பிறந்ததிலிருந்து அவன் அந்த வீட்டில் கூட்டியது அன்றுதான்.

அவன் கடைக்குப் போன பிறகு அம்மா வந்தாளா என்று அவள் அப்பாவிடம் மெல்லக் கேட்டாள். ஆமாம், வந்தாள் என்றார். தம்பியைப் பற்றி விசாரித்தாளாம்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?"

நடுங்கும் கையை மடியில் அழுத்திக்கொண்டார். "சுவிட்சு அவன்கிட்ட இருக்குன்னு சொன்னேன்."

அன்று ராத்திரி அவளை எழுப்பியது தம்பியின் குரல். அப்பா அறையின் வாசலிலிருந்து வந்தது.

"அக்கா. லைட்டைப் போடு. கால் எடுக்க வரல."

தண்ணீர் குடிக்க எழுந்தானாம். தடவிக்கொண்டு போடா என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவனை ஒதுங்கித் தாண்டிக் கூடத்துக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டாள்.

டியூப்லைட் பளீரென்று எரிந்தது.

"லைட்டைப் போடுக்கா."

அவன் கண்கள் அகலத் திறந்திருந்தன. டியூப்லைட்டைப் பார்த்தபடியேதான் கேட்டான்.

திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பூச்சி வந்தது. எரிகிற விளக்கை ஒன்றுகூடச் சீண்டவில்லை. எல்லாம் அவன் கண்ணிரண்டைத் தேடிப் போய் மொய்த்தன. முகத்துக்கு நேராக யாரோ டார்ச் அடிப்பதுபோல அங்கேயே சுற்றின. அவன் இமைக்கவில்லை. உடம்பு மட்டும் மெல்ல முன்னே சாய ஆரம்பித்தது.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அப்பா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போதும் அம்சம். நம்ம பிள்ளைதானே. அவனுக்கும் ஒரு வட்டம் அடி."

அப்பாவின் கட்டிலடியில் ஒரு மஞ்சள் வட்டம் விழுந்தது. கழிவறை வாசலில் ஒன்று விழுந்தது.

தம்பியின் காலுக்கு முன்னால் விழவில்லை.