பத்தொன்பதுக்குச் சொந்தக்காரி

"அது எங்க நம்பருங்க!"

"நம்பருக்கு என்ன, பட்டாவா வாங்கி வச்சிருக்கீங்க?"

"ஆறு பேரு, ஆளுக்கு ஒண்ணாச் சொன்ன ஆறு நம்பர். அதை அப்படியே காப்பியடிச்சு…"

"காப்பியா? மூணு மாசமா நான் இதைத்தான் எடுக்கிறேன். நீங்க இன்னைக்குத்தான் வந்து…"

"சண்டையை வெளியில வச்சுக்குங்க" என்றாள் லாட்டரிக் கடைக்காரம்மா.

"வெளியில மழை!"

இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி… விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவள் சட்டென்று அவன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். பழுப்பேறிய காகிதம், பெண் கையெழுத்து. நாலு, பதினொண்ணு, பத்தொன்பது, இருபத்திமூணு, முப்பது, முப்பத்தெட்டு.

"எங்க அக்கா எழுதினது. அவ கோட்டுப் பையில கிடைச்சுது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல, மடிப்பு மேசையில வேலை பார்த்தா. பத்தொன்பது அவ நம்பர்…" அவன் குரல் தணிந்தது. "இப்ப இல்ல. போய்ச் சேர்ந்துட்டா."

அவள் சீட்டை மெல்ல அவனிடமே நீட்டினாள். அந்த மேசையில் இப்போது போர்வை மடிப்பவள் அவள்தான்.

வேலைக்குச் சேர்ந்த நாள் நினைவுக்கு வந்தது. சலவைக்கூடத்து ஐந்து பேரும் சேர்ந்து எடுக்கும் லாட்டரியில் ஆறாவது ஆளாக அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். "விட்டுப் போனவங்க நம்பர் அவங்களோட போயிடும். புதுசா வர்றவங்க புது நம்பர் சொல்லணும். அதுதான் இங்க வழக்கம்" என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெரியக்கா. 'ஆறு' என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். காதருகே ஒரு பெண்குரல்… 'பத்தொன்பதுன்னு சொல்லு.' சொல்லிவிட்டாள். ஐந்து டீக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை… கூரைவரை அடுக்கிய வெள்ளைப் போர்வைகள் மட்டும்.

ஏன் எல்லோரும் வெளிறிப் போனார்கள் என்று யாரும் சொல்லவில்லை. இன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு வாராவாரம் டிக்கெட் எடுக்கும் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அவனும் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். விரலிடுக்கில் எப்போதும் கிரீஸ்.

"நீங்க வர்ற அன்னைக்கெல்லாம் மழை வருது, பாத்தீங்களா?"

"மழைக்கு என்மேல ஆசையாம். உங்களுக்கு என்ன பொறாமையா?"

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"அக்காவும் இப்படித்தான் சிரிப்பா…"

குடையைச் சாய்த்துப் பிடித்தால், அக்காவும் இப்படித்தான். நடக்கையில் முணுமுணுத்தால், அக்காவும் இப்படித்தான். ஐந்தாவது வாரம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க பாக்க வர்றது என்னையா, உங்க அக்காவையா?"

அவன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். மூன்று வாரம் வரவில்லை.

அவனுக்கும் தூக்கமில்லை. நாக்கு ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம், 'சொல்லுடா குண்டூசி' என்று முதுகில் தட்டுவாள் அக்கா. உலகத்தில் அவள் ஒருத்திதான் அப்படிக் கூப்பிடுவாள். அந்தப் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இவளிடம்கூட…

இங்கே அவள் பெரியக்கா முன்னால் போய் நின்றாள்.

"என் நம்பரை மாத்தணும்க்கா. ஆறு."

"மாத்தின வாரமே பழசு விழுந்தா?" என்று பதறினார் இஸ்திரிக்காரர். "அஞ்சு பேரு வாயில மண்ணும்மா!"

"விழட்டும்ணே. அவங்க மேசை, அவங்க நாற்காலி, அவங்க நம்பர்… எனக்குன்னு ஒண்ணாவது வேணாமா?"

பெரியக்கா போர்வை அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அங்கே யாரிடமோ அனுமதி கேட்பதுபோல மெல்லச் சொன்னாள்: "அவ கோவிச்சுக்க மாட்டா. மாத்திக்கோ."

அன்று மாலையும் மழை. கடைக்காரம்மா பின்கட்டு ஜன்னலைச் சாத்தப் போயிருந்தாள். தனியாக நின்று, டிக்கெட் படிவத்தில் ஆறைக் குறித்தவள், நிமிர்ந்தாள். வாசலில் அவன், படிவத்தை எட்டிப் பார்த்தபடி.

"பத்தொன்பதை விட்டுட்டீங்களா?"

"அது உங்க அக்காவோடது. நீங்களே வச்சுக்குங்க."

"நானும் சீட்டைக் கொண்டு வரல. டிக்கெட் எடுக்கவும் வரல…"

நாக்கு ஒட்டிக்கொண்டது. மழைச் சத்தம் மட்டும்… திடீரென்று, யாரோ முதுகில் தள்ளியதுபோல ஓரடி முன்னால் வந்தான்.

"அக்கா யார்கிட்டயும் சண்டையே போட்டதில்ல. நீங்க முதல் நாளே சீட்டைப் பிடுங்கினீங்க. அப்பவே மனசு போயிடுச்சு. உங்களைத்தான் பாக்க வந்தேன். உங்களை மட்டும்தான்."

அவள் கண்களில் நீர் மினுங்கியது. "எனக்கும்… அன்னைக்கேதான்."

அவன் கையை நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள். ஆனால் அவள் பார்வை அவன் தோளைத் தாண்டி, ஆளில்லாத வாசலில் நின்றது.

"ஒண்ணு கேக்கட்டுமா… நீங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி, உங்க பின்னால 'சொல்லுடா குண்டூசி'ன்னு ஒரு குரல் கேட்டுச்சே… அது யாருங்க?"