ஏணைக் கயிற்றில் ஒரு மண்கூடு

கண்டாவளையில் ஆட்கள் விட்டுப்போன அந்த வீட்டுக்கு யோகலிங்கமும் மனைவி அன்னபாக்கியமும் வந்து சேர்ந்தது தொண்ணூற்றாறு வைகாசியில். மூன்று மாதப் பெண்பிள்ளையை வழியில் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள். கையில் கட்டியிருந்த கறுப்பு நூலும் சிவப்பு மணியுமாகவே அதைக் கிளாலி மணலில் புதைத்தார்கள். அன்றிலிருந்து அன்னபாக்கியம் அழவுமில்லை, கதைக்கவுமில்லை. கொடுத்தால் தின்பாள், அவ்வளவுதான்.

உள்ளறைக் கூரை வளையில், யாரோ பிள்ளை வளர்த்த ஏணைக் கயிறு தொங்கியது. அதன் முடிச்சில் குளவி ஒன்று மண்கூடு வைத்திருந்தது. யோகலிங்கம் கத்தியை எடுத்தான்.

"உடைக்காதேங்கோ," என்றாள். "குளவி கூடு வைச்சால் வீட்டுக்குப் பிள்ளை வரும். என்ரை பிள்ளைதான் திரும்பி வருது."

வாய் திறந்தாளே, அதுவே போதுமென்று அவன் கத்தியை வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் வேறொரு குளவி வந்தது. நூலாய் மெலிந்த உடம்பு, அதைவிட நீண்ட வால். அந்த வாலை ஊசிபோல் கூட்டுக்குள் இறக்கியது.

வேலியடைக்க வந்த மலைநாட்டுப் பழனியாண்டி பதறினார். "அத வெரட்டும்மா! உள்ள இருக்குற குஞ்ச அதோட குஞ்சு தின்னுப்புடும். கூட்ட வுட்டு வெளிய வர்றது வேற ஒண்ணும்மா."

"கூட்டிலை கை வைக்கக் கூடாதண்ணை."

பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த மாதமே முழுகாமல் இருந்தாள். மாசியில் பெண்பிள்ளை பிறந்தது. அது அழவேயில்லை. கண்ணை மூடவுமில்லை. அந்தக் கயிற்றிலேயே கட்டிய ஏணையில் கிடந்து வளையையே பார்க்கும். காற்றில்லாத மத்தியானங்களில் ஏணை தானாக ஆடும்.

ஏணைக்குள்ளே மெல்லிய இரைச்சல்.

குளவி இரைச்சல்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. வீடு கழுவும்போது, பிள்ளைதான் வந்துவிட்டதே, இனிக் கூடு எதற்கென்று அன்னபாக்கியம் அதைத் தட்டிவிட்டாள். மண் உதிர்ந்தது. உள்ளே உறிஞ்சிக் காய்ந்த ஒரு புழுத்தோல். அதைச் சுற்றி ஒரு கறுப்பு நூல்.

நூலில் சிவப்பு மணி.

திரும்பித்தான் வந்திருக்கிறது. வாசல்வரை வந்த பிள்ளையைத் தின்னக் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஏணை ஆடியது. பால் கொடுக்கும் நேரம். தூக்கி மடியில் வைத்து மாரோடு அணைத்தாள். முதல் தடவையாக அது கண்ணை மூடியது.

நெஞ்சுக்குள் ஊசி இறங்கியதுபோல் சுரீரென்றது. பிறகு அதுவும் வலிக்கவில்லை.